கொழுந்து பறிக்கும் மலையில் பல் பறிக்கும் வைத்தியம்

கடந்த பாடசாலை விடுமுறையின்போது ஹற்றன் பக்கம் போயிருந்தேன். பிறந்த தோட்டத்துக்குப் போவது எனக்கு இப்போது ஆண்டுக்கு இரண்டு தடவை என்றாகிவிட்டது. சித்தப்பாவின் மகள் இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய மகளுக்கு ஒன்பது வயது. நான் வாங்கிச் சென்ற கச்சானை அந்தப் பிள்ளை இடது பக்கத்தால் மட்டுமே மென்றுகொண்டிருந்ததைக் கவனித்து, என்னவென்று கேட்டேன். தாய்தான் பதில் சொன்னாள்.

"பல்லுவலின்னு ராத்திரி முழுக்கத் தூங்கலண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். புடுங்கிட்டாங்க."

பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிடுங்கப்பட்டிருந்தது கீழ்த்தாடையில் ஆறு வயதளவில் முளைக்கும் முதலாவது கடைவாய்ப்பல். பாற்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடுவதால் அதையும் பாற்பல் என்றே பல பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். அது ஆயுள் முழுவதற்குமான பல். விழுந்தால் மறுபடி முளைக்காது.

அடைத்துக் காப்பாற்ற முடியாதா என்று கேட்டீர்களா என்றேன். கேட்டாளாம். அடைப்பதானால் வேறொரு நாள் வரவேண்டும், அதற்கான சாமான் இப்போது இல்லை, வந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று பதில் கிடைத்ததாம். "இன்னொரு பேரும் போயிருமேண்ணே" என்றாள்.

தோட்டத்துக்கு வெளியே வாழும் நண்பர்களுக்காக இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அது ‘அரைப்பேர்’ ஆகிவிடும். சம்பளம் பேர்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 2021இல் ஒரு பேருக்கு ஆயிரம் ரூபா என்றும், 2024இல் 1,350 ரூபா என்றும் சம்பள நிர்ணய சபை ஊடாகத் தீர்மானிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அது 1,750 ரூபாவாக உயரும் என அறிவிக்கப்பட்டது. தொகை எதுவாயினும், பிள்ளையின் பல்லுக்காக ஒரு தாய் இரண்டாவது நாளும் மலைக்குப் போகாதிருந்தால் அந்த வாரத்து மளிகைக் கணக்கில் அது தெரியும். ஆகவே பல் போனது. இந்தத் தீர்மானத்தை எடுத்தவள் தாய் என்று பதிவாகியிருக்கும். உண்மையில் அவள் வேறெதையும் தெரிவு செய்யக்கூடிய நிலையில் இருக்கவில்லை.

என்னுடைய வாயையே ஒரு சரித்திரச் சான்றாக முன்வைக்க எனக்குக் கூச்சமில்லை. பத்து வயதில் எனக்குச் சூத்தைப்பல் வலி வந்தபோது தோட்டத்து மருந்துக் காம்பராவில் ஒரு குறடு இருந்தது, பல் போயிற்று. இருபது வயதைத் தாண்டிப் பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் மற்றொரு பல் வலித்தது. அங்கே பல் மருத்துவ பீடம் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பல்லைத் துளைத்துச் சுத்தம் செய்து வெள்ளி நிறக் கலவையால் அடைத்து அனுப்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கரிய அடைப்பு இன்றுவரை என் வாயில் உழைத்துக்கொண்டிருக்கிறது. பின்னர் கொழும்பில் பத்திரிகை வேலையில் நிலைபெற்ற பிறகு மூன்றாவது பல் கெட்டது. இம்முறை ஒரு தனியார் நிலையத்தில், பல்லின் நிறத்திலேயே ஒரு பசையை வைத்து, அதன்மேல் நீல ஒளியைப் பாய்ச்சி இறுகச் செய்தார்கள். எது பல், எது அடைப்பு என்று எனக்கே தெரியவில்லை.

அதே வாய்தான், அதே நோய்தான். நான் நின்ற இடம் மாறியதற்கேற்ப வைத்தியமும் மாறியது. என் மருமகள் 2020களில் நிற்கும் இடம், நான் பத்து வயதில் நின்ற அதே இடம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த உண்மைதான்.

கொம்போசிட் என்று அழைக்கப்படும் அந்தப் பல்நிற அடைப்பு எவ்வாறு உருவானது என்பது சுவையான வரலாறு. 1955இல் அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கல் புவனகோர் என்ற ஆய்வாளர், பல்லின் எனாமலைப் பொஸ்போரிக் அமிலத்தால் சற்று அரித்துவிட்டால் பிசின் அதில் நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். உலோகத்தில் சாயம் ஒட்டிக்கொள்வதற்காகத் தொழிற்சாலைகளில் கையாளப்பட்ட உபாயத்திலிருந்து அவருக்குப் பிறந்த யோசனை அது. அடுத்து ரஃபேல் பவன் என்ற பல் மருத்துவர், பிஸ்-ஜிஎம்ஏ எனப்படும் பிசினை உருவாக்கி, 1962இல் காப்புரிமை பெற்றார். இந்தப் பிசினோடு நுண்ணிய கண்ணாடி, சிலிக்காத் தூள்களைக் கலந்து கிடைப்பதே கொம்போசிட். நிறையைப் பார்த்தால் அதில் பெரும்பகுதி தூள்தான். தூளும் பிசினும் பிரிந்துவிடாதிருக்க, தூளின்மேல் சைலேன் என்ற பூச்சு இடப்படுகிறது. கட்டடம் கட்டுபவர்கள் சீமெந்துக்குள் கல்லும் மணலும் சேர்ப்பதைப் போன்றதே இதுவும். கலவையில் உள்ள ஒரு பொருள், ஏறக்குறைய 470 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் தூண்டப்பட்டு, பிசினை இறுகச் செய்கிறது.

பழைய வெள்ளி அடைப்பான அமல்கமோ, வெள்ளி, தகரம், செப்புத் தூள்களைப் பாதரசத்தில் குழைத்துச் செய்வது. அதன் நிறையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். வாயிலுள்ள அமல்கத்தால் பெரும்பாலானோருக்குத் தீங்கு உண்டென்பதற்கு உறுதியான சான்று இல்லை. என்னைப் போல் அதை வைத்திருப்பவர்கள் அஞ்சி ஓடிப்போய்த் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சை நிலையக் கழிவுநீரிலும் குப்பையிலும் சேரும் பாதரசம் ஆற்றுக்குப் போகிறது, மீனுக்குப் போகிறது. யப்பானின் மினமாட்டாவில் நேர்ந்த கொடுமையின் பெயரைத் தாங்கிய சர்வதேச உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. 2022இல் பாலித்தீவில் நடந்த மாநாட்டில், பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அமல்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்று முடிவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், விதிவிலக்கான தேவைகள் தவிர, அதை நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் 2034ஆம் ஆண்டோடு பல் அமல்கத்துக்கு விடைகொடுப்பதென்று இணங்கின.

இது நல்ல முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் ஜெனீவாவில் எடுக்கப்பட்ட முடிவு லயத்துக்கு வந்து சேரும்போது என்ன உருவம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வெள்ளி அடைப்பு வேண்டாம் என்று உலகம் சொல்லிவிட்டது. பல்நிற அடைப்பு அவளுக்கு எட்டவில்லை. மிஞ்சியது குறடு.

ஏன் எட்டவில்லை? அமல்கம் பொறுமைசாலி. குழியில் சிறிது ஈரம் இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஒரேயடியாக அழுத்தி நிரப்பலாம். கொம்போசிட் அப்படியல்ல. எச்சில் ஒரு துளி பட்டாலும் பிணைப்புக் கெடும். ஆகவே உமிழ்நீரை உறிஞ்சும் குழாயும் பல்லைத் தனிமைப்படுத்தும் ஏற்பாடும் வேண்டும். அமிலம் தடவ வேண்டும், கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், பிணைப்புப் பசை பூச வேண்டும். இறுகும்போது கலவை நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு சுருங்கும் என்பதாலும், ஒளி ஆழத்துக்குப் போகாது என்பதாலும், பெரும்பாலும் இரண்டு மில்லிமீற்றர் அளவான அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒளி பாய்ச்ச வேண்டும். மின்சாரம் நிற்கக்கூடாது. ஒளி தரும் கருவியின் வலு குறைந்திருந்தால் மேற்பரப்பு மட்டும் இறுகி, அடிப்பகுதி இளகியே கிடக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சில மாதங்களில் பல் தெரிவிக்கும். பொருள் முழுவதும் இறக்குமதி. 2022 நெருக்கடியில் மருந்துக்கும் மருத்துவப் பொருட்களுக்கும் நாம் பட்ட பாடு இன்னும் மறந்துபோகவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம். பல் பிடுங்கச் சில நிமிடங்கள் போதும். கடைவாய்ப்பல்லில் ஒரு கொம்போசிட்டை ஒழுங்காக வைக்க அரை மணித்தியாலம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது ஓர் அரசாங்கப் பல் வைத்தியர் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மலைநாட்டுக்கு வந்து குளிரிலும் மழையிலும் கடமை செய்யும் நல்ல வைத்தியர்களை எனக்குத் தெரியும். பிடுங்கும் ஒவ்வொரு பல்லும் அவர்களுக்கும் வலிக்கிறது என்பதும் தெரியும்.

இவ்விடத்தில், உலகத்துப் பல் மருத்துவப் பாடநூல்கள் மலையகத் தமிழனின் வாயை மிக நன்றாக அறியும் என்ற விசித்திரமான உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1970இல் நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். முரசு நோய் (தமிழகத்து நண்பர்கள் ஈறு என்பதை நாங்கள் முரசு என்போம்) வைத்தியமே இல்லாதபோது மனிதனில் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிவதே நோக்கம். அதற்கு, பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ ஒருபோதும் எட்டியிராத ஒரு மக்கள் கூட்டம் தேவைப்பட்டது. அது எங்கள் மலையில் கிடைத்தது. ஒப்பிடுவதற்கு ஒஸ்லோ நகரின் படித்த வர்க்கத்தினர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 1986இல் வெளியான முடிவு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகவும், 81 பேருக்கு மிதமாகவும் முன்னேறியது; 11 பேருக்கு முன்னேறவேயில்லை. வேகமாக முன்னேறியவர்கள் நாற்பத்தைந்து வயதளவில் ஏறக்குறைய எல்லாப் பற்களையும் இழந்திருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து 2010இல் எஞ்சியோரில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி பரிசோதித்து, 2017இல் அந்த முடிவையும் வெளியிட்டார்கள்.

அந்த ஆய்வால் அறிவு வளர்ந்தது என்பதை மறுக்க மாட்டேன். வைத்தியம் எட்டாத நிலையை ஆய்வாளர்கள் உருவாக்கவில்லை; கண்டார்கள், அளந்தார்கள். அதை உருவாக்கியவர்கள், நூற்றைம்பது ஆண்டுகளாகக் கொழுந்தின் நிறையை இறாத்தலிலும் கிலோவிலும் பிசகாமல் எழுதிவைத்து, எடுத்தவளின் வாயை ஒருநாளும் திறந்து பார்க்காத கம்பனிகளும், பின்னர் 1970களில் தோட்டங்களைத் தம்வசமாக்கிய, 1992இல் அவற்றின் நிர்வாகத்தை மறுபடி கம்பனிகளிடம் ஒப்படைத்த அரசாங்கங்களும்தான். எங்களுடைய வறுமையே ஒரு விஞ்ஞான வசதியாக இருந்திருக்கிறது என்பதை வாசித்தபோது, பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அன்றைய அந்தத் தொழிலாளருக்குப் பற்சூத்தை ஏறக்குறைய இருக்கவேயில்லை. முரசு கெட்டது, பல் ஆடியது. ஆனால் பல்லில் குழி விழவில்லை. இன்று லயத்துக் கடைகளைப் பாருங்கள். இனிப்புப் பானங்களும் பிஸ்கட்டும் டொபியும் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. காலையில் மலைக்குப் போகும் தாய் பிள்ளையைச் சமாதானப்படுத்தக் கையில் கொடுப்பதும் அதுதான். எங்கள் தாத்தாமாருக்கு இல்லாத நோயைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த நாகரிகம், அதற்கான மருந்தை மட்டும் கொண்டுவர மறந்துவிட்டது.

"சம்பளம் இல்லை, காணி இல்லை, வீடு இல்லை, இதில் பல் அடைப்பு ஒரு பிரச்சினையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விபோல் தோன்றும். ஆனால் வறியவனுக்கு எதை முதலில் கொடுப்பது என்ற வரிசையை எழுதும்போதெல்லாம் அவனுடைய உடம்பு கடைசி வரிக்குப் போய்விடுவதைக் கண்டிருக்கிறேன். ஒன்பது வயதில் கடைவாய்ப்பல்லை இழந்தால் பக்கத்துப் பற்கள் சரியும், மெல்லும் பழக்கம் மாறும், அடுத்த பல்லும் கெடும். மேலும், பல் வைத்தியரின் கதிரையில் உட்காருவது என்பது வாயை ஒருவர் முழுமையாகப் பார்ப்பதற்கான சந்தர்ப்பம். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் குளிருக்குத் துணையாகிவிட்ட மலையில் இது சிறிய விடயமன்று. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வலி வந்த பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவருபவனின் கன்னத்து உட்புறத்திலுள்ள வெள்ளைத் தழும்பை யார் பார்ப்பது?

அப்படியானால் எல்லாத் தோட்டத்து மருந்துக் காம்பராவிலும் நாளையே நீல ஒளிக் கருவியை வைத்துவிடலாமா? அதையும் நான் கேட்கவில்லை. சரியான வசதியில்லாத இடத்தில் வைக்கப்படும் கொம்போசிட், பணத்தையும் பல்லையும் சேர்த்தே விழுங்கும். கடைவாய்ப்பற்களில் அமல்கத்தைவிடக் கொம்போசிட் தோல்வியடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2014இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு சொன்னது. ஒரு தடவை அடைத்த பல்லின் ஓரத்திலேயே மறுபடி சூத்தை விழுவது அதற்கு முக்கிய காரணம்.

நடுவழி ஒன்று இருக்கிறது, அது புதியதுமல்ல. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் கண்டுபிடித்த கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்து தானாகவே பல்லோடு ஒட்டும், தானாகவே இறுகும், புளோரைட்டையும் கசியவிடும். ஒளியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 1980களில் தன்சானியாவில், துளைக்கும் இயந்திரமின்றிக் கைக்கருவிகளால் மட்டுமே சூத்தையைச் சுரண்டி எடுத்து இந்தச் சீமெந்தால் அடைக்கும் முறை வளர்த்தெடுக்கப்பட்டது. பாடசாலை மேசையில் பிள்ளையைக் கிடத்தியே செய்யலாம். பெரிய குழிகளில் இது கொம்போசிட் அளவுக்கு உறுதியானதல்ல, தேயும். ஆனாலும் பிள்ளையின் பல்லை வாயிலேயே வைத்திருக்கும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புளோரைட் பற்பசையையும், சூத்தையை நிறுத்தத் தடவும் வெள்ளி டயமின் புளோரைட்டையும், கிளாஸ் அயனோமரையும் சேர்த்தது. பாடசாலைப் பல் சிகிச்சையாளர் என்ற ஒரு நல்ல அமைப்பு நம் நாட்டில் பல தசாப்தங்களாக இருக்கிறது. அது மலைமேல் ஏறிவர வேண்டும் என்பதே கேள்வி.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். முதலாவது, நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளில் ஆறு வயது தொடங்கும் பிள்ளைகளின் அந்த முதற் கடைவாய்ப்பல்லை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்து, தேவைப்பட்டால் அங்கேயே கிளாஸ் அயனோமரால் அடைக்க வேண்டும். இரண்டாவது, கொம்போசிட்டுக்குரிய முழு வசதியையும் பெரிய வைத்தியசாலைகளில் தடையின்றிப் பேண வேண்டும். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையைப் போன்றவை மலையகத்துக்குக் கிடைத்திருக்கின்றன. கட்டடம் திறந்த நாளின் மாலைகளோடு நம் கவனம் வாடிவிடக்கூடாது. மூன்றாவது, பிள்ளையைப் பல் வைத்தியரிடம் கொண்டுசெல்லும் நாளுக்குத் தாய்க்கு முழுப்பேர் போட வேண்டும். கம்பனிகளுக்கு இது பெரிய செலவல்ல. தாய்க்கு இது எல்லாமே. நான்காவது, ஒவ்வொரு வைத்தியசாலையிலும் எத்தனை பல் பிடுங்கப்பட்டது, எத்தனை அடைக்கப்பட்டது என்ற இரு எண்களையும் பக்கத்தில் பக்கமாக வெளியிட வேண்டும். அந்த இரண்டு எண்களும் எந்த அரசியல்வாதியின் மேடைப் பேச்சையும்விட உண்மை பேசும்.

2034க்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. பாதரசத்தைக் கைவிடுவதற்கான திட்டத்தைக் கொழும்பில் எழுதப்போகிறவர்கள், அதற்குப் பதிலாக மலையில் என்ன வைக்கப்போகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதட்டும். எழுதாவிட்டால், அமல்கம் போன இடத்தில் எங்கள் பிள்ளைகளின் வாயில் வெற்றிடமே மிஞ்சும்.

திரும்பிவரும் அன்று காலை, பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இந்தப் பல்லு எப்ப மாமா முளைக்கும்?" முன்பல் விழுந்தபோது கூரைமேல் எறிந்து, அது முளைத்ததையும் பார்த்தவள் அல்லவா? கேட்டதில் தவறில்லை.

இனி முளைக்காது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பொய் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அடுத்த பக்கத்துப் பல்லையாவது அவள் காப்பாற்ற வேண்டுமே.